சாக்குல பேரு எழுதலாமா?

சம்பாவுக்கு நாத்து விடுற நேரம், அதனால இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாமே விதை, விதை, விதைதான். உரத்தைப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல, ஆச்சரியமா இருக்கு. எடுத்துக்கிட்டது கொஞ்சம்தான், மிச்சத்துக்கு அடுத்த மாசம்.

கேள்வி: குறுவைக்கு கடையில ஏடிடி 43 நெல்லு வாங்கிப் போட்டேன், நல்ல விளைச்சல். அதுல ரெண்டு மூட்டைய விதைக்குன்னு தனியா காய வச்சு எடுத்து வச்சிருக்கேன். பக்கத்து ஊரு மச்சான் ஒரு மூட்டை குடுங்கன்னு கேக்குறாரு. ஆனா விதைக்கடைக்காரர், "இப்பல்லாம் கம்பெனி சட்டம் வந்துடுச்சு, விதைய கைமாத்துனா கேஸு"ன்னு பயமுறுத்துறாரு. நெசமா அண்ணே?
*(நீடாமங்கலம் வாசகர்)*

பதில்: மச்சானுக்கு தாராளமா குடுங்க. காசு வாங்கிட்டே குடுங்க, மச்சான்னா சும்மா குடுக்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

கடைக்காரர் சொல்றதுல கால்வாசி உண்மை இருக்கு, அதான் சிக்கலே. சட்டம் ஒண்ணு இருக்குறது நெசம். பேரு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. 1995ல உலக வர்த்தக அமைப்புல சேந்தப்ப பயிர் ரகத்துக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பு குடுத்தே ஆவணும், ஒண்ணு பேட்டன்ட் குடு, இல்ல உனக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டுக்கோன்னு நிபந்தனை வந்துச்சு. நம்ம பேட்டன்ட் சட்டத்துல செடிக்கும் விதைக்கும் இடமே கெடையாது, அதனால தனிச் சட்டம் போட்டாங்க. அதை நடத்துறதுக்கு டில்லியில ஒரு ஆணையம் 2005ல உக்காந்துச்சு. புது ரகம் கண்டுபிடிச்சவருக்கு பயிருன்னா 15 வருஷம், மரம் கொடின்னா 18 வருஷம் உரிமை. அவரு அனுமதி இல்லாம வேற கம்பெனி அந்த விதைய தயாரிச்சு விக்கக்கூடாது.

கடைக்காரர் இதோட நிறுத்திக்கிட்டாரு. இதே சட்டத்துல 39வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதை அவரு படிச்சிருக்க மாட்டாரு, இல்ல படிச்சிட்டு சொல்லாம விட்டிருப்பாரு. பாதுகாக்கப்பட்ட ரகமாவே இருந்தாலும் விவசாயி அதோட விதைய சேத்து வைக்கலாம், பயன்படுத்தலாம், விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிர்ந்துக்கலாம், விக்கலாம். ஏழு வினைச்சொல்லு, எண்ணிப் பாத்துக்குங்க. இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி எப்படி பண்ணிக்கிட்டு இருந்தாரோ அதே மாதிரின்னு வேற போட்டிருக்கு. ஒரே ஒரு தடை: பையில அடைச்சு, இது இன்ன பாதுகாக்கப்பட்ட ரகம்னு தெரியுற மாதிரி லேபிள் போட்டு விக்கக்கூடாது. அவ்ளோதான். வெறும் சாக்குல கட்டி மச்சான் வண்டியில ஏத்தி விட்டா ஒரு பய கேக்க முடியாது.

இன்னொண்ணு, ஏடிடி 43 ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1998ல வந்த ரகம். அரசு ஏற்கனவே அறிவிக்கை பண்ணுன ரகங்களுக்கு அந்த 15 வருஷத்தை அறிவிச்ச தேதியில இருந்துதான் எண்ணணும், அதனால யாரு பதிஞ்சிருந்தாலும் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. ஆந்திரா பொன்னிங்குற பிபிடி 5204 அதைவிடப் பழசு, 1986. நம்ம ஆளுங்க பயந்துக்கிட்டு இருக்குற முக்கால்வாசி ரகத்துக்கு இப்ப பூட்டே கெடையாது.

கேள்வி: நான் டிப்ளமோ படிச்சிட்டு அப்பாவோட விவசாயம் பாக்குறேன். எங்க ஊரு பசங்க நாலு பேரு சேந்து வாட்ஸ்அப் குரூப்புல விதைநெல் விக்கிறோம், நல்ல ரெஸ்பான்ஸ். அடுத்து பை பிரின்ட் பண்ணி, எங்க பேரு ரகத்தோட பேரு ரெண்டையும் போட்டு பார்சல்ல அனுப்பலாம்னு பிளான். ஓகேவா?
*(மன்னார்குடி வாசகர்)*

பதில்: தம்பி, நிறுத்து. இந்த இடத்துலதான் நான் ஒரு தடவ வழுக்கி விழுந்தேன்.

பத்து பன்னண்டு வருஷம் இருக்கும், எங்க ஊருல எட்டு பேரு சேந்து விதைநெல் எடுத்தோம். நெசமாவே சுத்தமான விதை. பூக்குற நேரத்துல ஒரு தடவ, பால் பிடிச்சப்புறம் ஒரு தடவ வயல்ல இறங்கி கலப்பு பொறுக்குனோம், உசரமா ஒரு தூரு தலைய நீட்டுனா புடுங்கிப் போட்டுட்டுதான் மேல ஏறுவோம். அறுத்து காய வச்சு தூத்தி எல்லாம் முடிச்ச பின்னாடி ஒரு ஆளுக்கு ஆசை வந்துச்சு, அந்த ஆளு நான்தான். தகரத்துல எழுத்து வெட்டி கறுப்பு பெயின்ட்ட தொட்டு நாப்பது சாக்குலயும் ரகத்தோட பேரையும் எங்க குழுவோட பேரையும் அடிச்சாச்சு. பாக்க அப்படியே கம்பெனி மூட்டை மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு. மூணாம் நாள் அதிகாரி ஒருத்தர் வந்து "லைசென்ஸ் எங்க, முளைப்புத்திறன் ரிப்போர்ட் எங்க"ன்னாரு, எங்ககிட்ட ரெண்டும் இல்ல. அவரு கோவப்படக்கூட இல்ல, டீ வாங்கிக் குடுத்தோம் குடிச்சாரு, ஆனா சாக்க திருப்பிப் போட்டு பேரு தெரியாம கட்டி கொள்முதலுக்குத்தான் அனுப்பினோம். விதை விலைக்கும் அரிசி நெல்லு விலைக்கும் உள்ள வித்தியாசம் உனக்கே தெரியும்.

இதுல ரெண்டு சட்டம் மோதுது, அதைப் புரிஞ்சுக்கோ. ஒண்ணு மேல சொன்ன 2001 சட்டம், லேபிள் போட்டா அதுல மாட்டுவ. இன்னொண்ணு 1966 விதைச் சட்டம், அது பழசு. அதோட 24வது பிரிவு, தான் விளைவிச்ச விதைய தன்னோட இடத்துலயே வச்சு, விதைக்கப் போற ஆளுக்கு நேரடியா குடுத்தா இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாதுன்னு சொல்லுது. களத்துல வந்து வாங்கிட்டுப் போறாங்களா, நிம்மதி. பார்சல்ல மதுரைக்கும் சேலத்துக்கும் பை பையா அனுப்புறியா, அது வியாபாரம், அதுக்கு லைசென்ஸ் வேணும், விதைப் பரிசோதனை வேணும், முளைப்புத்திறன் 80 சதவீதம், சுத்தம் 98 சதவீதம், ஈரப்பதம் 13க்கு மேல போகக்கூடாது.

வாட்ஸ்அப்புல "விதைநெல் இருக்கு, களத்துக்கு வாங்க"ன்னு போடுறதுக்கும் சாக்குல பேரு அடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. என்னைக் கேட்டா, பெருசா பண்ணணும்னு நெனச்சா முறையா லைசென்ஸ் எடுத்து, ஆதார விதை, அதாவது சான்று விதை பெருக்குறதுக்கு மூலமா உள்ள விதைய வாங்கி, விதைச்சான்றுத் துறையில வயலைப் பதிஞ்சு, சான்று விதைக்குக் குடுக்குற நீல அட்டையோட வித்துடுங்க. ஒண்ணு முழுசா விவசாயியா இரு, இல்ல முழுசா விதை வியாபாரியா இரு. நடுவுல நின்னா ரெண்டு சட்டமும் சேந்து இடிக்கும்.

கேள்வி: சிப்ஸ் கம்பெனி உருளைக்கிழங்கு போட்டதுக்கு விவசாயிங்க மேல கோடி ரூவா கேஸ் போட்டாங்கன்னு படிச்சேனே, நீங்க ஒண்ணும் ஆவாதுங்குறீங்க?
*(திருவையாறு வாசகர்)*

பதில்: நல்ல கேள்வி, விட மாட்டீங்களே! அது குஜராத்துல 2019ல நடந்தது. எஃப்எல் 2027ன்னு ஒரு உருளை, சிப்ஸுக்குன்னே உள்ளது, பெப்சிகோ பேருல பதிவான ரகம். அதை அனுமதி இல்லாம போட்டாங்கன்னு சாபர்காந்தா, ஆரவல்லி பக்கத்து விவசாயிங்க மேல கோர்ட்டுல கேஸ். அதுல நாலு பேருகிட்ட தலைக்கு ஒரு கோடி ரூவாய்க்கு மேல நஷ்டஈடு. நாலு அஞ்சு ஏக்கர்க்காரன்கிட்ட! நாடு பூரா சத்தம் கிளம்புச்சு, மே மாசமே கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. அந்தக் கேஸுலயும் விவசாயிங்க பக்கம் எடுத்துச் சொன்னது அதே 39வது பிரிவைத்தான்.

ஆனா கதை அதோட முடியல. கவிதா குருகன்டின்னு விவசாயிகளுக்காகப் போராடுறவங்க, அந்தப் பதிவே செல்லாதுன்னு ஆணையத்துகிட்ட போனாங்க, 2021 டிசம்பர்ல ஆணையம் பதிவை ரத்து பண்ணுச்சு. கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, 2023ல தனி நீதிபதிகிட்ட தோத்துச்சு, 2024 ஜனவரியில ரெண்டு நீதிபதி பெஞ்ச் அந்த ரத்தையே தூக்கிப் போட்டுடுச்சு. ஆக விவசாயிங்க மேல போட்ட கேஸு போச்சு, கம்பெனியோட பதிவு பொழைச்சுக்கிச்சு.

இதுல எனக்கு உறுத்துறது தீர்ப்பு இல்லண்ணே. சட்டம் நம்ம பக்கம் இருந்தும் கேஸு போட முடிஞ்சுதே, அதான். கோர்ட்டு கடுதாசி கையில வந்த அன்னைக்கு அந்த வீட்டுல யாருக்கு சோறு எறங்கியிருக்கும்? 39வது பிரிவு அவங்களைக் காப்பாத்தும்னு எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேணும், வக்கீலுக்கு ஃபீஸ் வேணும். அதுக்குத்தான் சொல்றேன், இந்தப் பிரிவு நம்பரை மனசுல வச்சுக்குங்க. கூடவே 42வது பிரிவு, அந்த ரகத்து மேல இன்னொருத்தருக்கு உரிமை இருக்குன்னே தெரியாம ஒரு விவசாயி பண்ணிட்டா அது மீறல் ஆவாதுன்னு சொல்றது அதுதான். நம்ம பக்கமும் ஒப்பந்த சாகுபடி வந்துக்கிட்டு இருக்கு, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி விதை யாருக்குச் சொந்தம், மிஞ்சினதை என்ன பண்ணணும்னு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. சட்டம் குடுத்த உரிமைய கையெழுத்துல விட்டுட்டு அப்புறம் தேடக்கூடாது.

கேள்வி: எங்க பக்கம் உப்பு ஏறுன நெலத்துல பாட்டன் காலத்துல இருந்து குழியடிச்சான்தான். இப்ப எல்லாரும் பாரம்பரிய நெல்லுன்னு தேடி வர்றாங்க. வெளியூருக்காரன் யாராவது இதைத் தன் பேருல பதிஞ்சுக்கிட்டா எங்க கதி?
*(தலைஞாயிறு பக்கத்து வாசகர்)*

பதில்: ஐயா, உங்க பயம் ஞாயமான பயம்.

முதல்ல நிம்மதியான சேதி. அப்படியே யாராவது பதிஞ்சாலும் நீங்க விதைக்கிறதையோ மாத்துறதையோ விக்கிறதையோ தடுக்க முடியாது, 39 எல்லா ரகத்துக்கும்தான். அதோட பதிவுக்கு மனு போட்டா ஆணையத்தோட இதழ்ல விளம்பரம் பண்ணணும், மூணு மாசத்துக்குள்ள யாரு வேணாலும் ஆட்சேபணை குடுக்கலாம். தலைஞாயிறுல ஒக்காந்துக்கிட்டு டில்லி இதழை யாரு படிக்கிறதுன்னு நீங்க கேப்பீங்க. நானும் அதைத்தான் கேக்குறேன்.

அதனால நீங்களே பதிஞ்சுடுறது நல்லது, தனி ஆளா இல்ல, ஊரா சேந்து. உழவர் ரகம்னு தனி வகையே இருக்கு, அதுக்குப் புதுசா இருக்கணும்ங்குற கட்டாயம் இல்ல. விவசாயிக்கு கட்டணமும் கெடையாது, 44வது பிரிவு. பஞ்சாயத்துல உள்ள உயிரியல் பன்மயக் குழு இல்ல மாவட்ட வேளாண் அதிகாரி கையெழுத்து போட்டுக் குடுத்தா மனு போவும். பதிஞ்சுட்டா, உங்க ரகத்துல இருந்து லேசா மாத்தி ஒரு புது ரகத்தை எவனாவது கொண்டு வந்தா உங்க சம்மதம் வேணும், வர்ற பலன்ல பங்கு கேக்க உரிமையும் உண்டு.

இது ஏதோ ஏட்டுல எழுதுன சமாச்சாரம்னு நெனக்காதீங்க. நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகை வெள்ளத்துல மூழ்கினாலும் எந்திரிச்சு வர்ற சிஆர் 1009 சப் 1 நெல்லு தெரியும்ல? ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள கெடந்தும் சாவாத அந்தக் குணம் லேப்ல முளைச்சது இல்ல, ஒடிசாவுல விவசாயிங்க வழிவழியா வச்சிருந்த ஒரு நாட்டு நெல்லுல இருந்து எடுத்த எஃப்ஆர் 13ஏங்குற ரகத்துல இருந்து வந்தது. அந்த ஊருக்காரன் யாரு, அவன் பேரன் இப்ப என்ன பண்றான், ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கு உங்க குழியடிச்சான்ல உப்பைத் தாங்குற குணம் இருக்கு, கடல் ஏற ஏற அதுக்கு மவுசு கூடத்தான் செய்யும்.

இதையும் சொல்லிடுறேன், சான்றிதழை பிரேம் போட்டு மாட்டிட்டு விதைய விட்டுட்டவங்களையும் நான் பாத்திருக்கேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 2006ல இருந்து நெல் திருவிழா நடத்துனாரே, 2 கிலோ விதை வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் 4 கிலோவா கொண்டாந்து குடுக்கணும்னு, அவ்ளோதான் அவரோட சட்டம். 2018ல அவரு போயிட்டாரு, குழியடிச்சானும் பூங்காரும் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்னும் ஊரு ஊரா சுத்துது. பதிவும் பண்ணுங்க, விதையையும் நாலு ஊருக்குப் பரப்பி விடுங்க, ஒரு வெள்ளத்துல உங்க வயலு போனாலும் எங்கயாவது ஒரு மரக்கா மிஞ்சும்.

கேள்வி: கோடைப் பருத்தி போடுறேன். விதை விலை தாங்கல. பருத்தியிலயும் விதை எடுத்து வைக்கலாம்தானே?
*(குடவாசல் வாசகர்)*

பதில்: வைக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனா நீங்க போடுறது ஹைபிரிட், ரெண்டு ரகத்தை ஒட்டுச்சேத்து எடுத்த விதை. அதுல விதை எடுத்து மறுபடி போட்டா ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒண்ணு முன்னாடி வெடிக்கும், ஒண்ணு வெடிக்கவே வெடிக்காதுன்னு கலைஞ்சு போயிடும். கம்பெனிக்கு அதுல சட்டமே தேவையில்ல, பூட்டு விதைக்குள்ளயே இருக்கு. நெல்லு தன் மகரந்தத்துலயே சூல் பிடிக்கிற பயிரு, அதனாலதான் அதுல நம்ம விதை நம்ம கையில நிக்குது.

கேள்வி: பேரு போன கம்பெனி விதைன்னு வாங்கினேன், பாதிதான் முளைச்சுது. கடையில கேட்டா உங்க நாத்தங்கால் சரியில்லங்குறாங்க.
*(ஒரத்தநாடு வாசகர்)*

பதில்: எல்லாரும் சொல்ற பதிலுதான் அது. பில்லு இருக்கா? பையில தச்சிருந்த அட்டை இருக்கா? ஒரு படி விதையாவது மிச்சம் இருக்கா? இந்த மூணும் இருந்தா நீங்க ராஜா. உடனே வேளாண் விரிவாக்க மையத்துல எழுதிக் குடுத்து, வயலை வந்து பாக்கச் சொல்லி அறிக்கை வாங்குங்க, வாயால சொல்லிட்டு வராதீங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், விவசாயியும் நுகர்வோர்தான்னு 2012லயே சுப்ரீம் கோர்ட் விதைக் கேஸு ஒண்ணுல சொல்லியாச்சு. அது பதிவான ரகமா இருந்து, இவ்வளவு விளையும்னு சொன்னபடி விளையலன்னா 2001 சட்டத்துலயே ஆணையத்துகிட்ட இழப்பீடு கேக்கலாம். ஆனா பில்லு வாங்காம, "தெரிஞ்ச கடைதானே"ன்னு வந்துட்டீங்கன்னா நான் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: எங்களுக்குச் சொந்த நெலம் இல்ல, குத்தகைதான், அதுவும் வாய்ப்பேச்சு. எங்க மாமியார் காலத்துல இருந்து சீரகச் சம்பாவும் கருங்குறுவையும் நாங்க பொம்பளைங்கதான் கதிரு பொறுக்கி வச்சிருக்கோம். பட்டா இல்லாதவங்க இந்தச் சட்டத்துல வருவோமா?
*(வலங்கைமான் வாசகி)*

பதில்: அம்மா, வருவீங்க, தாராளமா வருவீங்க. இந்தச் சட்டத்துல விவசாயின்னா யாருன்னு சொல்ற இடத்துல பட்டாவ கேக்கவே இல்ல. தானா உழுது பயிர் பண்றவரும் விவசாயி, நின்னு மேற்பார்வை பாக்குறவரும் விவசாயி, பாரம்பரிய ரகத்தைக் காப்பாத்தி வைக்கிறவரும், அதுல நல்ல குணத்தைத் தேறி எடுத்து மேம்படுத்துறவரும் விவசாயி. உங்க மாமியார் பண்ணது அப்படியே அதுதான். எங்க அம்மாவும் அறுப்புக்கு முன்னாடி வரப்புல நடந்துக்கிட்டே மடியில கதிரு கதிரா கிள்ளிப் போட்டுக்கிட்டு வரும், அப்புறம் வைக்கோல் பிரி திரிச்சு விதைக்கோட்டை கட்டி மேல சாணி மெழுகி வைக்கும். வேற எந்தத் திட்டத்துக்குப் போனாலும் பட்டாவும் சிட்டாவும் கேட்டு உங்களைத் திருப்பி அனுப்புறாங்கன்னு தெரியும், இதுல அந்தத் தொல்லை இல்ல. விதை காத்த ஊருக்கு ஆணையம் 10 லட்ச ரூவா விருது கூட குடுக்குது, பத்து பொம்பளைங்க குழுவா சேந்து கேளுங்க.

கேள்வி: யுபிஓவின்னு ஒண்ணுல இந்தியா சேந்துட்டா விதை வைக்க முடியாதுன்னு காலேஜ்ல சொன்னாங்க. உண்மையா?
*(கும்பகோணம் மாணவி)*

பதில்: 1961ல ஐரோப்பாவுல ஆரம்பிச்ச புது பயிர் ரகப் பாதுகாப்பு ஒப்பந்தம்மா அது, 1991ல திருத்தி இறுக்கிட்டாங்க. அதன்படி சொந்த வயலுக்கு விதை எடுத்து வைக்கிறதுக்கே அரசு விதிவிலக்கு குடுத்தாத்தான் உண்டு, அதுவும் கட்டுப்பாட்டோட. நீடாமங்கலத்துக்காரர் மச்சானுக்கு விக்கிறதுக்கெல்லாம் அதுல எடமே இல்ல. இந்தியா 2002ல சேரணும்னு மனு போட்டுச்சு, இதுவரைக்கும் உறுப்பினர் ஆகல, நம்ம சட்டத்துல உள்ள 39வது பிரிவும் அதுவும் ஒத்துப்போகாது. வர்த்தக ஒப்பந்தம் பேசுறப்பெல்லாம் பணக்கார நாடுங்க இதை நைஸா உள்ள நுழைக்கப் பாக்கும், அதனால அந்தச் செய்தி வந்தா தள்ளிட்டுப் போயிடாம படி.

கேள்வி: சொந்த விதையில பதரு நிறைய நிக்குது. முட்டைய வச்சு ஏதோ பண்ணுவாங்களே, அதைச் சொல்லுங்க.
*(பாபநாசம் வாசகர்)*

பதில்: 10 லிட்டர் தண்ணியில ஒன்றரை கிலோ கல்லுப்பு போட்டுக் கரைங்க. ஒரு கோழிமுட்டைய மெல்ல விடுங்க, உள்ள போயிட்டா இன்னும் கொஞ்சம் உப்பு, அந்தக் காலத்து நாலணா அளவுக்கு மேல தெரியுற மாதிரி மிதந்தா பதம் சரி. இப்ப விதைய கொட்டி கிளறுங்க, மிதக்குறதெல்லாம் பதரும் அரைவயிறும், அள்ளிப் போடுங்க. அடியில நிக்கிறதை எடுத்து நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசணும், உப்பு நின்னா முளைப்பு கெட்டுடும். முட்டை அன்னைக்கு இட்டதா இருக்கட்டும். பழைய முட்டை வெறுந்தண்ணியிலயே மிதக்கும், அப்புறம் "அண்ணன் சொன்னாரு, ஒண்ணும் சரியில்ல"ன்னு எனக்கே கடுதாசி போடுவீங்க.